வலி தீர்க்கும் மருந்தும் அதன் வட்டியும்

தறியில் அமர்ந்து பிழைப்பவருக்கும் மண்ணில் குனிந்து பிழைப்பவருக்கும் பொதுவான சொத்து ஒன்று உண்டென்றால், அது அவரவர் உடம்பேயாகும். நூல் கடனாகக் கிடைக்கும். விதையும் உரமும் கடனாகக் கிடைக்கும். முழங்காலும் முதுகும் எந்தச் சங்கத்திலும் கடனாகக் கிடைப்பதில்லை. குழித்தறியில் நாள் முழுதும் மிதி மிதிக்கும் கால், ஓயாமல் நாடா ஓட்டும் தோள், தார் சுற்றும் பெண்களின் மணிக்கட்டு, மஞ்சள் வெட்டிக் கிழங்கு பொறுக்குவோரின் இடுப்பு ஆகியவை 40 வயதைத் தாண்டியதும் முறையிடத் தொடங்குவதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர்.

முறையீடு எழுந்ததும் நாம் செய்வது என்ன? கூலி பட்டுவாடா நாளில் சங்கத் திண்ணையில் ஒருவர் தம் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்க, மற்றவர் பெயரும் கேளாமல் வாங்கி விழுங்குவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு விழுங்கியவர்களே.

அண்மையில் நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய இசைவு பெற்று, பெயர் குறியாமல் இங்கே எழுதுகிறோம். தீபாவளிக்கு முன் முடித்துக் கொடுக்கவேண்டிய சேலைகள் மிகுந்திருந்தன. முழங்கால் வலியால் தறிக்குழியில் கால் இறக்க முடியவில்லை. ஒரு கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மூன்று நிற மாத்திரைகளைக் காலையும் மாலையும் உட்கொண்டார். வலி போயிற்று, சேலைகளும் உரிய நாளில் சங்கத்திற்கு வந்து சேர்ந்தன. ஆனால் பண்டிகை முடிந்தும் மாத்திரை நிற்கவில்லை. ஏழெட்டு மாதங்கள் சென்றபின் முகமும் காலும் வீங்கின, சோறு பிடிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், சிறுநீரகங்கள் பெரிதும் தளர்ந்துவிட்டன என்றார். “என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்று அவர் கேட்டபோது, நம் அங்கத்தினரால் பெயர் சொல்ல முடியவில்லை. “மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று” என்றார். தாம் நெய்யும் சேலையில் எத்தனையாம் நம்பர் நூல், எத்தனை இழை ஜரிகை என்பதை உறக்கத்திலும் சொல்லக்கூடியவர் அவர்.

இத்துன்பம் இன்னொருவருக்கு நேரலாகாது என்ற கருத்துடன், வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்துகளைப் பற்றி நாம் அறிந்திருக்கவேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

அழற்சி என்பது யாது?

தறிக்கட்டையின் சிராய் விரலில் ஏறிவிட்டால் அவ்விடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இதனையே மருத்துவர் அழற்சி என்பர்.

அழற்சி நோயன்று, உடம்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் வேலையாகும். அடிபட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நீர் கசிந்து இறங்குகிறது. கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. ஊரில் ஒரு கூரை தீப்பற்றினால் குடத்துடன் பலர் ஓடிவருவதும், தெருவில் நெரிசல் உண்டாவதும், அன்றைய வேலை நின்றுபோவதும் போன்றது இது. தீ அணைந்ததும் கூட்டம் கலைந்துவிட்டால் நன்மையே. கலையாமல் தெருவிலேயே தங்கிவிட்டால், வந்த உதவியே தொல்லையாகிவிடுகிறது.

மூட்டு வலி யாவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கூறவேண்டும். பல்லாண்டு உழைப்பினால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வது ஒரு வகை. உடம்பின் காவற்படையே வழிதவறித் தன் மூட்டுகளைத் தாக்குவது முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்திற்கு மேல் மடங்காமல் விறைத்திருப்பது இதற்கு முக்கிய அடையாளம். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் துகள்கள் பெருவிரல் மூட்டில் படிந்து, நள்ளிரவில் நெருப்பாய் எரிவது மற்றொரு வகை. இம்மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. திண்ணையில் கைமாறும் மாத்திரை இவற்றைப் பிரித்தறியாது.

மரப்பட்டையிலிருந்து மாத்திரை வரை

இங்கிலாந்து தேசத்தில் சிப்பிங் நார்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைச் சுவைத்து, அதன் கசப்பு சிங்கோனாப் பட்டையின் கசப்பை ஒத்திருக்கக் கண்டார். பட்டையை உலர்த்திப் பொடித்துக் காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பயன் கண்டு, 1763-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1828-ல் மியூனிக் நகரத்துப் பேராசிரியர் புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்த சாலிசிலிக் அமிலம் மூட்டு வீக்கத்தைத் தணித்தது. ஆயினும் வயிற்றை எரித்தது. 1897-ல் ஜெர்மனியில் பாயர் கம்பெனியின் ரசாயன நிபுணர் பெலிக்ஸ் ஹாப்மன் அதைச் சற்று மாற்றியமைத்தார். 1899 முதல் அது ஆஸ்பிரின் என்ற பெயருடன் உலகெங்கும் விற்கப்பட்டது.

பின்னர் இதே வகையில் பல மருந்துகள் தோன்றின. இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் கண்டுபிடித்த இபுப்ரோஃபென் 1969-ல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் பெரிதும் விற்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் முதலியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பாராசிட்டமால் மட்டும் வேறு. அது காய்ச்சலையும் வலியையும் தணிக்குமே தவிர, வீக்கத்தைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு.

ஒரே வேலையாள், பல பணிகள்

கோடிக்கணக்கானோர் உட்கொண்ட ஆஸ்பிரின் உடம்பினுள் என்ன செய்கிறது என்பது 70 ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. 1971-ல் லண்டனில் ஜான் வேன் என்ற அறிஞர் அதை விளக்கினார். இதற்காக 1982-ல் அவருக்கும், ஸ்வீடன் தேசத்து அறிஞர்களாகிய பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் கண்டது இதுவே. உடம்பின் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களைத் தாமே உண்டாக்குகின்றன. அடிபட்ட இடத்தில் இரத்தக் குழாயை விரிப்பதும், நரம்புக்கு வலியை உறைக்கச் செய்வதும் இவற்றின் வேலை. ஆஸ்பிரினும் அதன் உறவினரும் இப்பொருள் உண்டாவதையே தடுத்துவிடுகின்றன. அதனால் வீக்கம் வற்றுகிறது, வலி அடங்குகிறது.

ஆனால் புரோஸ்டாகிளாண்டினுக்கு முழங்காலில் மட்டுமா வேலை? இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலமே அரித்துவிடாதபடி வழவழப்பான படலம் பூசிக் காப்பதும் அதுவே. உடம்பில் நீர் குறையும் வேளையில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுவே. முழங்காலுக்கென விழுங்கிய மாத்திரை முழங்காலைத் தேடிச் செல்வதில்லை. அது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது. சென்ற இடமெல்லாம் வேலையை நிறுத்துகிறது. இதனாலேயே நீண்டநாள் உட்கொள்வோருக்கு வயிற்றில் புண் உண்டாகிறது. சிலருக்கு இரத்தம் கசிந்து மலம் தார்போலக் கறுக்கிறது. சித்திரை வெயிலில் வேர்த்துக் களைத்துப் போதிய நீர் பருகாமல் இம்மாத்திரையை விழுங்குபவர், தம் சிறுநீரகத்தின் வாய்க்காலைத் தாமே அடைத்துக்கொள்கிறார். சாயப்பட்டறையின் அடுப்படியில் நிற்போரும், வயலில் நண்பகல் வரை நிற்போரும் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையும், நீர் பிரிய மாத்திரையும் உட்கொண்டுவருபவருக்கு அபாயம் இன்னும் மிகுதி.

வயிற்றைப் புண்ணாக்காத மருந்து வேண்டுமென்று அறிஞர் முயன்று கண்ட ரோஃபிகாக்சிப் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 18 மாதங்களுக்கு மேல் அதை உட்கொண்டோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டமையால் 2004 செப்டம்பரில் அது உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஓரிடத்தில் மிச்சம் பிடித்தது மற்றோரிடத்தில் செலவாகிவிட்டது.

கார்ட்டிசோனின் கதை

மற்றொரு மருந்துக் குடும்பம் ஸ்டீராய்டு என்பது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர், முடக்குவாத நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, அவர் கருவுற்றாலோ மூட்டு வீக்கம் தணிவதைக் கவனித்தார். உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று கருதினார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழ இயலாதிருந்த 29 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, கெண்டால் என்னும் அறிஞர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தறிந்த பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண்மணி எழுந்து நடந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் 1950-ல் நோபல் பரிசு பெற்றனர்.

அற்புதம் என்று போற்றப்பட்ட அம்மருந்தின் மறுபக்கமும் விரைவில் வெளிப்பட்டது. நீண்டநாள் உட்கொண்டோரின் முகம் வட்டமாக ஊதிற்று, எலும்பு மெலிந்தது, சர்க்கரை நோய் வந்தது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றிற்று. அன்றியும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் நம் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. திடீரென்று மருந்தை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே டாக்டரின் சொற்படி படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

இதனால் ஸ்டீராய்டு தீய மருந்து என்று கொள்ளலாகாது. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, செயற்கைச் சுவாசம் பொருத்தப்பட்டிருந்தோரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்சாமெதசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்தே என்று ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய நாட்களுக்குக் கொடுத்தால் அது உயிர் காக்கும். பெயரற்ற காகிதப் பொட்டலத்தில் வந்தால் உடம்பைக் கெடுக்கும். “மூலிகை” என்று சொல்லி விற்கப்படும் வாத நிவாரணப் பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலியைப் பறக்கச் செய்யும் பெயரில்லா மருந்தைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயுறவேண்டும்.

நம் வயலில் விளையும் இரண்டு

அழற்சியைத் தணிக்கும் பொருள்களில் இரண்டை நம் விவசாய அங்கத்தினரே விளைவிக்கின்றனர் என்பது பெருமைக்குரியது.

முதலாவது மஞ்சள். அதன் நிறத்திற்குக் காரணமான குர்குமின் என்னும் பொருளுக்கு அழற்சி தணிக்கும் குணம் உண்டு. மஞ்சளால் புண் ஆறும் என்பதைத் தம் கண்டுபிடிப்பாக அமெரிக்காவில் 1995-ல் சிலர் பேட்டன்ட் பெற்றனர். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதாட, 1997-ல் அது ரத்தாயிற்று. பாட்டியின் கைவைத்தியம் வழக்கில் வென்றது. எனினும் கணக்கையும் பார்க்கவேண்டும். மஞ்சளில் குர்குமின் 100-க்கு 3 பங்கு அளவிலேயே உள்ளது. குழம்பில் இடும் 2 கிராம் தூளில் 60 மில்லிகிராம் தேறும். அதிலும் உடம்பு ஏற்றுக்கொள்வது சிறிதே. முழங்கால் தேய்வுக்குப் பயன் கண்டதாகக் கூறும் சில சிறு ஆய்வுகளில் இதைப்போல் பல மடங்கு கொடுக்கப்பட்டது. உடம்பு மிகுதியாக ஏற்கும்படி செய்த குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. ஆகவே மஞ்சளை உணவாகப் போற்றுவோம். முடக்குவாதத்திற்கு அதுவே போதுமென்று மருத்துவத்தைத் தள்ளிப்போடாதிருப்போம்.

இரண்டாவது கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலராகிய செங்காந்தளே அது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காக அதைப் பயிரிடுவோர், காலை வேளையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கும் பொறுமையை நாம் வியந்திருக்கிறோம். அவ்விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்திற்குக் கைகண்ட மருந்து. வெள்ளணுக்கள் வீங்கிய இடத்தை நோக்கித் திரளாதபடி அது தடுக்கிறது. அதன் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்; அதாவது ஒரு கிராமில் 2,000-ல் ஒரு பங்கு. அளவு மிஞ்சினால் அது கொடிய நஞ்சு. கிழங்கைத் தவறி உண்டவர்கள் வாந்தியும் பேதியும் கண்டு மாண்டிருக்கின்றனர். வயலுக்கு உரியவரும் இதனைக் கைவைத்தியமாகக் கொள்ளலாகாது. விதைகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும், கிழங்கைத் தொட்ட கையைக் கழுவுவதும் அவசியம். மருந்தையும் நஞ்சையும் பிரிக்கும் கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேறில்லை.

மாடும் கழுகும்

மாடு வளர்க்கும் அங்கத்தினர் அறியவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. மாட்டின் வீக்கத்திற்கும் மடிநோய்க்கும் டைக்ளோஃபினாக் ஊசி போடும் வழக்கம் 1990-களில் பரவிற்று. ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. தென் ஆசியாவில் மூன்று இனக் கழுகுகளில் 100-க்கு 95-க்கு மேல் அழிந்தன. காரணம் 2004-ல்தான் உறுதியாயிற்று. இந்திய அரசு கால்நடைகளுக்கு இம்மருந்தை 2006-ல் தடை செய்தது; அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென் இரண்டையும் 2023-ல் தடை செய்தது. மனிதருக்கான மருந்தைத் திருட்டுத்தனமாக மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, 2015-ல் ஊசிப் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மெலாக்சிகம் என்னும் மருந்து கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை. அதனைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுப் பெறலாம். மாயாறுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளைக் காப்பது நம் கையிலும் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

பெயர் தெரியாத மாத்திரையை வாங்கலாகாது. அட்டையோடு கேட்டு வாங்கி, பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

டாக்டரைக் காணாமல் வலி மாத்திரையைத் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் உட்கொள்ளலாகாது. வெறும் வயிற்றிலும் கூடாது. வேறு வேறு பெயரில் வந்தாலும் ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டைச் சேர்த்து விழுங்கலாகாது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் டாக்டரின் அனுமதியின்றி இவற்றைத் தொடவே கூடாது. டெங்கு என்று ஐயமுள்ள காய்ச்சலில் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். டாக்டர் கூறும் அளவில் பாராசிட்டமாலே தக்கது.

முழங்காலிலும் கைவிரல் மூட்டிலும் வலியென்றால் மேலே தடவும் மருந்தை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். அது இரத்தத்தில் கலப்பது சிறிதே. தொடையின் தசையை வலுப்படுத்தும் எளிய பயிற்சி முழங்காலின் சுமையைக் குறைக்கும். முடக்குவாதமென்று ஐயம் எழுந்தால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலியை மறைப்பதோடு நில்லாமல் நோயையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உள்ளன. மூட்டு கோணிப்போகுமுன் தொடங்கினால்தான் அவற்றால் முழுப் பயன் உண்டு.

இறுதியாக ஒன்று. வலி உண்டாகும் இடத்தைத் திருத்தாமல் வலியை மட்டும் அடக்குவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சட்டி வைப்பதை ஒக்கும். தறிப் பலகையின் உயரம், மிதியின் எட்டம், மணிக்கொரு முறை எழுந்து நடக்கும் வழக்கம் ஆகியவற்றைச் சீர்செய்ய ஒரு மாத்திரை அட்டையின் விலைகூட ஆகாது.

முடிவுரை

நம் நாட்டில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது எதற்காக? அவசரத்திற்குக் கைநீட்டிவிட்டு வாழ்நாள் முழுதும் வட்டி கட்டும் கொடுமையிலிருந்து உழைப்பவரை மீட்பதற்காகவே. வலி மாத்திரையும் ஒரு கடனே. அவசரத்திற்குக் குறைந்த அளவில் வாங்கி, விரைவில் தீர்த்துவிட்டால் அது உதவி. எழுத்தும் இல்லாமல், தவணையும் இல்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் சிறுநீரகத்தை ஜப்தி செய்துவிடும். கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாதென்று நமக்குக் கற்பித்தது இவ்வியக்கம். மாத்திரைக்கும் அவ்விதியே பொருந்தும்.

மேலே கூறிய அங்கத்தினர் மாத்திரையை விட்டபின், சிறுநீரகங்கள் மேலும் தளராமல் நிற்கின்றன. இழந்த வலிமை முழுதும் திரும்பாது என்று டாக்டர் கூறிவிட்டார். முன்னர் நெய்ததில் பாதியே இப்போது நெய்கிறார். அவருடைய சட்டைப்பையில் மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வருவதற்கு இசைந்துள்ளார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள வலி மாத்திரைகள் அனைத்தையும், பெயரிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பையிலிட்டு எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறோம். நாமும் நம் பையை எடுத்துவருவோம்.